கூட்டினால் எட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

சிஞ்ச்வட்டில் நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

ஸ்கூட்டரின் கோவை நம்பரைப் பார்த்து, நிக்டி சிக்னலில் போலீஸ் வாரம் தவறாமல் நிறுத்தினார்கள். அதனால் மகாராஷ்டிரப் பதிவுக்கு மாற்றிவிட்டேன். வந்த எண் 3518. கூட்டினால் எட்டு. "எட்டு ஆகாது கண்ணு, வேற நம்பர் கேளு" என்பீர்கள். ஏஜென்ட்டும் அதையேதான் இந்தியில் சொன்னார். ஒன்பது வரும்வரை மூன்று மாதம் காத்திருந்து நீங்கள் வாங்கிய நம்பரோடுதான் இரண்டு முறை விழுந்தேன், வெறும் சிராய்ப்புதான். எட்டே இருக்கட்டும் என்றேன்.

பருப்புப் பொடி அனுப்புங்கள், கொஞ்சம் அதிகமாகவே.

இப்போது என்னை யாரும் நிறுத்துவதில்லை. எந்த ஊர் என்று கேட்பதுமில்லை. அதனால் பழைய நம்பர் பிளேட்டை வாசல் கதவில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். வீட்டு ஓனர் கழற்றச் சொல்கிறார். கழற்ற மாட்டேன்.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

சஹானா