கண்காட்சி வீட்டு ரம்பம்

ஆவணி 29, திங்கள்

காலையில் தூறல், பிறகு சுள்ளென்று வெயில். முற்றம் கழுவினேன். வெள்ளிக்கிழமை இந்த வீட்டுக்குத் திறப்பு விழா. மாமனார் கட்டி எத்தனையோ காலம் ஆன வீட்டுக்கு இப்போது திறப்பு. அதுவும் புரட்டாசியில். புரட்டாசியில் யாராவது புதுசாக வீடு திறப்பார்களா என்று கேட்டேன்.

"இது வீடு இல்லீங்கம்மா, காட்சியகம்" என்கிறார் ஊர்க்குழுச் செயலாளர். அப்படியானால் பின்கட்டில் குடியிருக்கிற நான் எங்கே இருக்கிறேனாம்.

எதைப் பார்த்தாலும் சீட்டு ஒட்டுகிறார். ஆட்டுக்கல், அண்டா, கட்டில். என் பாக்கு உரலுக்கும் ஒன்று: 'பழங்காலப் பொருள், தொடாதீர்.' நேற்றுதான் அதில் பாக்கு இடித்தேன். கூடத்து ஆணியில் தொங்கும் பெரிய ரம்பத்துக்கும் நீளமாக ஏதோ எழுதிக் கட்டியிருக்கிறார். கல்வராயன் மலையிலிருந்து வண்டியில் மரம் இறக்கி, இந்த வீட்டு உத்திரம் அத்தனையும் அதில்தான் அறுத்தது.

ஆவணி 30, செவ்வாய்

குத்துவிளக்கை நான்தான் ஏற்ற வேண்டும் என்று முடிவு. பக்கத்தில் பெரிய அதிகாரி நிற்பார். நைனார்பாளையம் சம்பந்திக்கு ஆள் விட்டுச் சொல்லியாயிற்று. என் மகளைப் பெண் பார்க்க வந்தபோது "ஓட்ட வூடு" என்று என் காது படச் சொன்ன மகராசி. வந்து பார்க்கட்டும்.

வாங்க: திரி, நல்லெண்ணெய், கற்பூரம். பச்சைப் புடவைக்குக் கஞ்சி போட. இடுப்பு வலி ஜாஸ்தி.

ஆவணி 31, புதன்

தங்கை மகன் ஏழுமலை நாலு பேரோடு வந்தான். நாளையிலிருந்து இட ஒதுக்கீடு கேட்டு மறியல். மரம் வெட்டி ரோட்டில் போட ரம்பம் வேண்டுமாம்.

"வெள்ளிக்கெழம முடியட்டும், எடுத்துக்கினு போ."

"ஒன் விழா முடியற வரைக்கும் மறியலு காத்துக்கினு இருக்குமா பெரிம்மா? செல்விக்கு டீச்சர் ட்ரெய்னிங் எடம் இல்லன்னு வந்தப்ப சோறு துன்னாம கெடந்தியே, மறந்துட்டியா?"

பேத்தியை இழுத்துவிட்டான். பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க்கு வாங்கியவள், இப்போது வீட்டில் மாடு பிடித்துக் கட்டுகிறாள். ரம்பத்தை இறக்கிக் கொடுத்தேன்.

"கள்ளக்குறிச்சி ரோடு மட்டும் வேணாம்டா. அதிகாரி ஜீப்பு, சம்பந்தி வர்ற பஸ்ஸு, எல்லாம் அந்த வழிதான்."

"சரி சரி" என்றான். இவன் சரி எனக்குத் தெரியாதா.

புரட்டாசி 1, வியாழன்

பஸ் ஒன்றும் ஓடவில்லை. விடிந்ததும் ஏழுமலை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"இன்னா பெரிம்மா, இதுல கத்திரிக்கா கூட அறுபடாது."

பார்த்தால் பல் முனை முழுக்க ராவி மழுங்கக் கிடக்கிறது. போன வாரம் செயலாளர் அரத்தோடு உட்கார்ந்திருந்தார், துரு எடுக்கிறார் என்று இருந்துவிட்டேன். சீட்டைக் கிட்டத்தில் வைத்துப் படித்தேன்: 'பள்ளிப் பிள்ளைகள் நலன் கருதிப் பற்கள் மழுக்கப்பட்டுள்ளன.' பையன்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உத்திரம் அறுத்த ரம்பம், கத்திரிக்காய்க்கு ஆகாது என்று பேர் வாங்க வேண்டுமா.

அரம் கொண்டுவரச் சொல்லி முற்றத்தில் உட்காரவைத்தேன். நான் மிதித்துப் பிடித்தேன், அவன் ராவினான். மத்தியானம் ஆகிவிட்டது. விரலால் தடவிப் பார்த்தேன். சுருக்கென்றது.

"இப்பப் போ."

"எந்த ரோடு பெரிம்மா?"

"எந்த ரோடா இருந்தா இன்னா. போ."

புரட்டாசி 2, வெள்ளி

விளக்கு துலக்கி, திரி போட்டு, பச்சைப் புடவை கட்டி உட்கார்ந்திருந்தேன். கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரம் குறுக்கே. ஜீப் திரும்பிப் போய்விட்டதாம். சம்பந்தி வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டாள். செயலாளர் மட்டும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மரம் தாண்டி வந்தார், சட்டையெல்லாம் சேறு. விழா ஒத்திவைப்பு. விளக்கையும் ஏற்றக் கூடாதாம், அதிகாரி வந்த பிறகுதானாம்.

என் வீட்டில் விளக்கேற்ற நான் யாரைக் கேட்பது. ஏற்றினேன். பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

வெளிச்சத்தில் வெறும் ஆணி செயலாளர் கண்ணில் பட்டுவிட்டது.

"ரம்பம் எங்கங்கம்மா?"

"வேலைக்குப் போயிருக்குதுங்க."