தோசைக்கல்லில் விழுந்த மீன்

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

இன்றிலிருந்து ஏரிக்கு வாட்ச்மேன் கிடையாது. கூழைக்கடாப் பறவை பிழைத்துக்கொண்டதாம், ஆபத்துப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தாயிற்றாம். அதனால் ஏரி நடுவே அது கூடு கட்டுகிற தீவைச் சுற்றிக் கட்டியிருந்த கயிறு, படகு வரக்கூடாது என்ற போர்டு, வாட்ச்மேன் எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகக் கும்பிடு. மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணுகிற நாங்கள்தான். காவலை எடுத்த பிறகும் பறவை நிலைக்கிறதா என்று ஐந்து வருஷம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் குழுவுக்குத் தலைவர் சந்தானம் சார். பேங்க்கில் ரிட்டயர் ஆனவர், சட்டதிட்டம் என்றால் உயிர். கரையில் நின்று மறுபடியும் ஒப்பித்தார்: "பாக்கணும், எழுதணும். கை வைக்கக்கூடாது. நீங்க காப்பாத்தப் போனா, அது தானா பிழைச்சுதா உங்களால பிழைச்சுதான்னு எப்படித் தெரியும்?"

நியாயம்தான். ஃபேக்டரியில் நானும் அதைத்தானே செய்கிறேன், மெஷினைத் தொடாமல் வந்து விழுகிற பீஸை மட்டும் பார்க்கிற வேலை. ஆனால் பீஸுக்கு உயிர் இல்லை.

எனக்கு நிஜமாவே தெரிஞ்சுக்கணும். இருக்குமா, போயிடுமா?

டிசம்பர் 15, ஞாயிறு

தீவை ஒட்டி மீன்பிடிப் படகு. வலை, சத்தம், பீடி. கூழைக்கடாக்கள் வருகின்றன, ஒரு சுற்று சுற்றுகின்றன, போய்விடுகின்றன. போன வருஷம் இந்நேரம் தீவு மரங்களெல்லாம் எச்சத்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. இப்போது இலை பச்சையாகவே இருக்கிறது. பச்சையைப் பார்த்து வயிறு எரிகிற ஆள் இந்த ஹெப்பகோடி ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டிசம்பர் 25, புதன்

பூசை முடிந்து வந்து கேக் வெட்டினோம். என் வீட்டுக்காரர் டொமினிக் சாப்பிட்டுக்கொண்டே, "மரத்துலேந்து குச்சி விழுது பிரபா. நேத்து சட்னி பாத்திரத்துல ஒண்ணு. இத்தாம் பெருசு" என்று முழங்கையைக் காட்டினார்.

"காக்காவா இருக்கும்."

"காக்கா இவ்ளோ பெரிய குச்சி தூக்குமா இன்னா?"

"உங்க இட்லியத் தின்ன காக்கா, தூக்கும்."

சிரித்துவிட்டார். அவருடைய தள்ளுவண்டி கம்பெனி பஸ் நிற்கிற முனையில், தூங்குமூஞ்சி மரத்தடியில். தட்டை இட்லி, தோசை. அந்த நிழலுக்காகத்தான் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்காக லீவு விடுவார், அன்றைக்கு நான் ஏரியில். மற்ற நாளெல்லாம் எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், பஸ் வேறு முனையில். நான் அந்த மரத்தடியில் நின்றே ஒரு வருஷம் இருக்கும்.

ஜனவரி 12, 2025, ஞாயிறு

தீவில் நாலே கூடு. நாலே நாலு! சந்தானம் சார் பைனாகுலரை இறக்கிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி பார்த்தார். "இப்படியே போனா காவலைத் திரும்பக் கேட்டு எழுத வேண்டியதுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்தால் அங்கே டொமினிக்கின் ஒப்பாரி வேறு. கஸ்டமர் சட்டையில் எச்சமாம், ஐடி கார்டெல்லாம் வெள்ளையாம். "லைன்மேன்கிட்ட சொல்லி மனு குடுத்துட்டேன். கிளை கரண்ட் கம்பிய ஒரசுதுன்னு. வெட்டிடுவாங்க."

நல்லது செஞ்சீங்க என்றேன். எனக்கு மனசெல்லாம் தீவில்.

பிப்ரவரி 8, சனி

இன்றைக்குப் பார்த்ததை என்னவென்று எழுத? சந்தோஷமா பயமா?

இந்த வாரம் மட்டும் ஷிஃப்ட் மாறியதால் காலையில் சும்மா இருந்தேன். டொமினிக்குக்குக் கைகொடுக்கலாம் என்று வண்டிக்குப் போனேன். ஒரு கரண்டி மாவு ஊற்றினார், திரும்பினார், பொத்தென்று தோசைக்கல்லில் ஒரு மீன். பாதி செரித்த மீன்! கல்லிலேயே பொரிய ஆரம்பித்துவிட்டது. வரிசையில் நின்ற பையன்கள் "அங்கிள், எனக்கு ஒரு மீன் தோசை" என்று சிரிக்கிறார்கள்.

நிமிர்ந்தேன். பெரிய கூடு, அதன் ஓரத்தில் பை தொங்கும் அலகு. கூழைக்கடா. உள்ளே ரோமமில்லாத ஏதோ ஒன்று கழுத்தை நீட்டிக் கத்துகிறது. பக்கத்துக் கிளையில் இன்னொரு கூடு. அதற்கும் மேலே இன்னொன்று.

"ஹெஜ்ஜார்லே, மேடம்" என்றார் ஒரு கன்னடக்கார பஸ் டிரைவர், கூழைக்கடாவுக்கு அவர் பாஷையில் அதுதான் பெயர். ஒரு மாசத்துக்கு மேலாக இங்கேதான் இருக்காம். ஊருக்கே தெரியும். வருஷக்கணக்காக டெலஸ்கோப் வைத்து எண்ணுகிற எனக்குத் தெரியாது.

"காக்கான்னு சொன்னியே" என்றார் டொமினிக், கல்லைச் சுரண்டிக்கொண்டே. சாகிற வரைக்கும் இதைச் சொல்லுவார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மரத்துக் கூடுகளைப் பற்றிச் சொன்னேன். "நம்ம படிவத்துல தீவு மட்டும்தான் இருக்கு" என்றார் சந்தானம் சார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், வாட்ச்மேன் எங்க நின்னாரோ அங்கயே நாமளும் நின்னு எண்ணிட்டிருக்கோம். பறவை என்ன நம்ம படிவத்தைப் படிச்சுட்டா கூடு கட்டும்?"

சார் படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, காட்டுங்க" என்றார். மத்தியானம் வரைக்கும் ஊர் முழுக்க அண்ணாந்து நடந்தோம். மார்க்கெட் அரசமரம், ஒரு கம்பெனி காம்பவுண்டு, ஸ்கூல் பின்னால் இருக்கிற ஆலமரம். எல்லாவற்றிலும் கூடு! தீவில் காணாமல் போனதெல்லாம் ஊருக்குள் குடி வந்திருக்கிறது.

ஏன்? ஆள் நடமாட்டம் இருந்தால் பருந்து கிட்டே வராது என்றா? கரையில் மீன்காரர்கள் ஒதுக்கிப் போடுகிற பொடி மீனுக்காகவா? ஆளைக் கண்டாலே பறந்து போகும் என்றல்லவா கயிறு கட்டினோம்? ஒன்றும் புரியவில்லை. புரியாதது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

ராத்திரி, இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. மனு! லைன்மேனிடம் கொடுத்த மனு!

பிப்ரவரி 11, செவ்வாய்

டொமினிக் நேராகவே கேட்டார். "அது அங்க இருந்தா நான் கடை நடத்த முடியாது. வண்டிய நிழல விட்டு வெளிய எடுத்தா ஆளு நிக்க மாட்டான். மனுவ வாபஸ் வாங்கவா, வேணாவா? நீ சொல்லு."

நான் என்ன சொல்ல? வாங்குங்க என்றால், நான் கை வைத்த மாதிரி. அதற்கப்புறம் நான் எண்ணுகிற எண்ணுக்கு என்ன மதிப்பு? அதுவும் போகட்டும். பத்து வருஷமாக அந்த முனையில் நின்று சம்பாதித்துத்தான் மகள் ரூபினியைப் படிக்க வைக்கிறார். என் ஆசைக்காக அவர் பிழைப்பில் எப்படிக் கை வைப்பேன்?

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்க."

"கல்யாணம் ஆனதுலேந்து இன்னிக்குத்தான் இந்த வார்த்தைய கேக்கறேன்" என்றார். சிரிக்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

லைன்மேன் இன்னும் வரவில்லை. வராமலே போகட்டும். இப்படி எழுதலாமா நான்? எழுதிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

டீ பிரேக்கில் லாக்கரைத் திறந்தால் டொமினிக்கிடமிருந்து மூன்று மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அவ்வளவுதான், வெட்டிவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். குஞ்சு ரோட்டில் விழுந்து கிடக்கிற மாதிரியே கண்ணுக்குள். மத்தியானம் வரை என் டேபிளில் எந்த பீஸ் நல்லது, எது கெட்டது, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

ஷிஃப்ட் முடிந்து ஓடினேன். கிளை இருக்கிறது! கூடு இருக்கிறது! வண்டிதான் இல்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், கொளுத்துகிற வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு டொமினிக் வண்டி பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

ஏணி சாத்தி, கிளை வெட்ட வந்த ஆள் பாதி ஏறிவிட்டானாம். இவர் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டாராம். "மனு குடுத்ததே நீதானேப்பா" என்று கேட்டிருக்கிறார்கள். "ஆமா சார், நான்தான். இப்ப வேணாம். குஞ்சு இருக்குது."

"இத கேக்கத்தான் எனக்கு ஃபோன் பண்ணீங்களா?"

"கேக்க இல்ல. சொல்லத்தான்."

நடுரோட்டில் அழுதுவிட்டேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

சந்தானம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இது காவல் கணக்கில் வருமா சார், நம்ம எண்ணிக்கை கெட்டுப்போச்சா என்று கேட்டேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

"நீங்க சொன்னீங்களா அவருக்கு?"

"இல்ல சார். சத்தியமா."

"அப்ப அவர் ஊர்ல ஒருத்தர். காவல எடுத்துட்டா ஊர் என்ன செய்யும்னுதானே பாத்துட்டிருக்கோம்? எழுதுங்க."

எழுதினேன்.

ஏப்ரல் 17, வியாழன்

பாதி கஸ்டமர் போய்விட்டார்கள். வெயிலில் யார் நின்று தின்பார்கள்? டொமினிக் வள்ளென்று விழுகிறார். "உன் பறவைக்கு வாடகை நான் கட்டறேன்." சனிக்கிழமை பெரிய குடை ஒன்று வாங்கி வந்தோம். காற்றில் நிற்க மாட்டேன் என்கிறது.

மே 11, ஞாயிறு

பறந்துவிட்டது. மீன் போட்ட கூட்டுக் குஞ்சு. டொமினிக் கோயிலிலிருந்து நேராக அங்கே போய் நின்று பார்த்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை, அந்தக் கன்னடக்கார டிரைவர்தான் சொன்னார்.

ஜூன் 15, ஞாயிறு

மழை. மரம் காலி. குச்சிக் கூடுகள் மட்டும் நனைந்துகொண்டிருக்கின்றன.

மழை கொஞ்சம் விட்டதும் ஏரியிலிருந்து திரும்பினால், முனையில் டொமினிக். எதிர்ப்பக்கம், வண்டி பக்கத்தில் குழி தோண்டி, இரும்பு பைப் நட்டு, சிமெண்ட் போட்டுக்கொண்டிருந்தார். குடைக்கு.

"இதெல்லாம் எதுக்கு? இனி மரத்தடிக்கே தள்ளிடலாமே."

"டிசம்பர்ல மறுபடி வருமில்ல? அப்ப திரும்ப இங்க தள்ளணும்."

வருமா என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன், இத்தனை வருஷம் எண்ணியும் எனக்குத் தெரியாது.

"வராம எங்க போவும்? பைப்ப நேரா புடி" என்றார். பிடித்தேன்.