நடுப்பகலில் இறைத்த தண்ணீர்

இன்று காலை தேரடிப் பக்கம் கீரை வாங்கப் போனேன். விற்கிறவள் ஒரு கட்டை உதறிக் கொடுத்தாள். வேரில் ஒட்டியிருந்த ஈர மண் வேட்டியில் தெறித்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இருபது வருஷம் உன்னோடு குடும்பம் நடத்திய நான் உன்னிடம் மறைத்தது ஒன்று உண்டு. அதை இன்றாவது எழுதிவிடுகிறேன்.

காலடிப்பேட்டைக்கு மேற்கே, ரயில் பாதை ஓரத்தில், உன் அப்பா உனக்கு எழுதிவைத்த தோட்டம். பன்னிரண்டு பாத்தி, ஒரு கிணறு, ஒரு ஏற்றம். கடல் கிட்டத்தில் இருந்ததால் அங்கே மேல் தண்ணீர் நல்ல தண்ணீர், அடித் தண்ணீர் உப்பு. அளவுக்கு மேல் இறைத்தால் அடியில் இருப்பது மேலே வந்துவிடும். கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டி பார்த்து வளர்ந்த எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? எனக்கும் நம் மகள் தனத்துக்கும் சேர்த்துத்தான் நீ விவசாயம் சொல்லிக்கொடுத்தாய். அவள்தான் சீக்கிரம் கற்றுக்கொண்டாள்.

பொடி விதையை மணலில் கலந்து தூவுவது, வேர் அறாமல் கீரை பிடுங்குவது எல்லாம் ஏழு வயதிலேயே அவளுக்குப் படிந்துவிட்டது. தினம் காலையில் முதல் வாளித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கிற வேலையையும் அவளிடம் கொடுத்தாய். “இனிமே கெணறு உன் பொறுப்பு” என்றாய். அன்று முழுக்க அவள் நடையே மாறிப்போனது. என்னைக்கூட அதிகாரம் செய்தாள்.

அது உலகச் சண்டை நடந்த காலம். ராயபுரம் மார்க்கெட்டில் கீரை வைத்த இடத்தில் நிற்காது. எனக்கு ஆசை விடவில்லை. கூட நாலு பாத்தி கட்டினேன்.

“கட்டு, வேணாங்கல. ஆனா காலையில ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா. நடுவுல கெணத்தத் தொடாதயா. அது மூச்சு வாங்கணும்” என்றாய். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

பங்குனி வெயில். நீ கூடையோடு ராயபுரம் போனபின் புதுப் பாத்தியில் நாற்று தலை தொங்கியது. நடுப்பகலில் ஏற்றம் இறைத்தேன். தனம் மடை திருப்பினாள். அப்படி மூன்று நாள். நாலாம் நாள் அவளாகவே வாய்க்கால் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“நைனா, தண்ணி கரிக்குது.”

“கம்முனு மடையத் திருப்பு. அம்மாகிட்ட வாயத் தொறந்தே, தோல உரிச்சுடுவேன்.”

எட்டு வயதுப் பிள்ளையிடம் இப்படிப் பேசினேன். மறுநாள் விடியலில் கூடையைத் தூக்கிக்கொண்டே தண்ணீர் எப்படி என்று நீ அவளைக் கேட்டாய். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, “நல்லாக்கீதும்மா” என்றாள்.

பத்து நாளில் இலை ஓரமெல்லாம் கருகியது. வரப்பில் உப்புப் பூத்தது. ஒரு கை தண்ணீரை வாயில் ஊற்றித் துப்பிவிட்டு, கிணற்று மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். பிறகு தனத்தைக் கூப்பிட்டாய். அதுவரை அவளை ஒரு அடி அடித்தவள் இல்லை நீ. “உன்ன நம்பித்தானேடி வுட்டுட்டுப் போனேன்” என்று சொல்லிச் சொல்லி அடித்தாய். அவள் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. நான் ஓடிவந்து உன் கையைப் பிடித்துத் தடுத்தேன். நல்ல அப்பன்.

இரண்டு மழைக்காலம் போயும் கிணறு தெளியவில்லை. நிலம் கைமாறி அங்கே கிடங்கு வந்தது. நான் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனேன். நீ மண்டியில் மிளகாய்க் காம்பு கிள்ளப் போனாய். வாசலில் நீ போட்ட ஒற்றை அவரைக்குத் தண்ணீர் ஊற்ற அவள் வந்தால்கூட, “நீ தொடாத” என்பாய். அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். நான் கோழை. வேறு பெயர் இல்லை.

நீ படுக்கையில் கிடந்தபோது தனம் உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். “அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி” என்றாய், கோபமே இல்லாமல். “தப்புதாம்மா” என்றாள். வாசற்படியில் கஞ்சியோடு நின்ற என் காதில் இரண்டும் விழுந்தன. அப்போதாவது சொல்லியிருக்கலாம். கஞ்சியை ஆற்றிக்கொண்டு உள்ளே வந்தேன்.

காரியம் முடிந்த அன்று, ஏன் கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று அவளைக் கேட்டேன். “அம்மா போறப்ப உன்மேல கோவத்தோட போவக்கூடாதுன்னுதான் நைனா” என்றாள். உன் கோபம் முழுவதையும் அவளே வாங்கிக்கொண்டாள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் இரண்டு வருஷமாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

அவள் நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்த அன்றே என்னிடம் சொன்னாள். நீ நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருந்தாய்.