பார்க்க மட்டும்

22 செப்டம்பர் 2025, திங்கள்

தீபாவளிக்காக எங்கள் பிரஸ்ஸில் அச்சான கடைசி லேபிள் லோடு இன்று நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விட்டது. மிஷின் நின்றதும் டிசைன் ரூமில் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கிறது. இருபத்தொரு வருஷமாக நான் உட்காரும் ரூம். பக்கத்து நாற்காலி மட்டும் ஜூன் மாதத்திலிருந்து காலி. என்னோடு டிசைன் போட்ட முருகம்மாளின் நாற்காலி. அதில் சாம்பிள் அட்டைகளை அடுக்கச் சொன்னார் ராம்குமார் சார். அடுக்கவில்லை. முதலாளி சொன்னால் எல்லாவற்றையும் செய்துவிட வேண்டுமா என்ன?

2004-இல் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சிஸ்டம். காலையில் அவள், மதியத்துக்கு மேல் நான். சாப்பாட்டு நேரத்தில் சேர்ந்திருப்போம். முடித்த டிசைனைச் சிடியில் ஏற்றி, மேலே பெயர் எழுதி பீரோவில் வைப்போம். அச்சுக்குப் பிளேட் போடக் கொண்டுபோகும்போது என் ஸ்கூட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து சிடியை மடியில் வைத்துக்கொள்வாள். "மெல்லப் போடி, பிள்ள தூங்குது" என்று அதைத் தட்டிக்கொடுப்பாள். ஒரு நாளாவது நான் சிரிக்காமல் ஓட்டியதில்லை.

2016-இல், ஃபைல்களை இணையத்தில் சேமித்து வைக்கிற கிளவுட் வந்தது. அப்போது ஆபீசில் மெயில் ஐடி வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் 'பொது' என்ற ஃபோல்டரை அவள் ஐடியிலேயே திறந்து, பீரோவில் இருந்த அத்தனை சிடியையும் ஏற்றினோம். ஒரு மாதம் ஆனது. எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தவள் அவள். 'மயில்_ஃபைனல்', 'மயில்_ஃபைனல்_நெசமாவே ஃபைனல்', 'மயில்_ஜாஸ்பின் கத்தினதுக்கு அப்புறம்'. அந்த ஜாஸ்பின் நான்தான்.

இன்றைக்கு என் சிஸ்டத்தில் இடம் இல்லை என்று சிவப்பில் காட்டுகிறது. அவள் இருந்தால் பார்த்திருப்பாள்.

30 செப்டம்பர், செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. மிஷின்களைக் கழுவித் துடைத்துவிட்டார்கள். எங்கள் ரூமில் சிஸ்டத்தைக் 'கழுவுவது' என்று ஒரு வழக்கம் உண்டு. சிடிக் காலத்தில் தொடங்கியது. வேலைதான் பீரோவில் சிடியாகப் பத்திரமாக இருக்குமே, அதனால் பூஜைக்கு முன்னால் சிஸ்டத்தில் கிடக்கும் பழசையெல்லாம் அழித்துக் காலி செய்வோம். கிளவுட் வந்த பிறகு அதை அவள்தான் செய்வாள். எப்படிச் செய்வாள் என்று நான் எட்டிப் பார்த்ததே இல்லை.

மார்ச் மாதம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன், நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. ஒரே டிசைனை இரண்டு பேரும் இரண்டு சிஸ்டத்தில் திறந்து, நான் திருத்தியதன் மேலே அவள் பழசைச் சேமித்து, தப்பான புஸ்வாண லேபிள் நாற்பதாயிரம் அச்சாகிவிட்டது. நான்தான் இன்சார்ஜ். என் ஐடியில் திறந்திருந்த 'புது சீசன்' ஃபோல்டரில் அவள் பெயருக்கு எதிரே 'திருத்தலாம்' என்று இருந்ததை 'பார்க்க மட்டும்' என்று மாற்றினேன். ஒரு வார்த்தை சொல்லாமல்! காலையில் வந்து ஃபைலைத் திறந்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாக்கலாம், தொடக் கூடாது. அப்படித்தானடி?" என்றாள். நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூனில் ஆமத்தூர் பக்கம் வேறு பிரஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

1 அக்டோபர், புதன்

பதினொரு மணிக்குள் சிஸ்டத்தைக் கழுவி முடித்தேன். 'பொது' முழுவதையும் என் சிஸ்டத்திலிருந்து எடுத்தாயிற்று, கிளவுடில்தான் இருக்கிறதே. சிவப்பு போய்விட்டது. மானிட்டருக்குச் சந்தனம் வைத்தார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் நான், ஆனால் இந்தப் பிரஸ்ஸில் பொரி வாங்காத வருஷம் இல்லை. என் பங்கிலுள்ள பொட்டுக்கடலையை எப்போதும் முருகம்மாள்தான் பொறுக்கித் தின்பாள். இந்த வருஷம் எல்லாம் எனக்கே.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. ஊரே வெடிக்கிறது. பிரஸ்ஸுக்கு ஒரு வாரம் லீவு.

27 அக்டோபர், திங்கள்

இன்று திறந்தோம். முதல் ஆர்டரே ரிப்பீட். 2018-இல் போட்ட கிளி லேபிளை அப்படியே கேட்கிறார்கள். 'பொது'வைத் தேடினேன். இல்லை. வேறு சிஸ்டத்தில் பார்த்தேன், இல்லை. போனில் பார்த்தேன், இல்லை. இருபத்தொரு வருஷ வேலை. சிடிகளையும் போன வருஷம்தான் பழைய சாமான் கடைக்குப் போட்டோம்.

ராம்குமார் சார் வந்து நின்றார். "என்னக்கா, யாரு அழிச்சிருப்பாக?"

ஃபோல்டர் முருகம்மாள் ஐடியில் இருக்கிறது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "போற போக்குல அழிச்சிருப்பா. கோவத்துல போனவதான" என்று என் வாயாலேயே சொன்னேன்.

28 அக்டோபர், செவ்வாய்

சார் ஸ்பீக்கரில் போட்டு அவளைக் கூப்பிட்டார். ரூமில் இருந்த எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். போலீசில் எழுதிக் கொடுப்பேன் என்றுகூடச் சொல்லிவிட்டார்.

"நான் எதையும் தொடல சார். உங்க அப்பா காலத்துல இருந்து வேல பாத்தவ நான்." பிறகு, "ஜாஸ்பின் அங்கன இருக்காளா? அவளும் அப்படித்தான் நெனைக்காளா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளே போனை வைத்துவிட்டாள்.

29 அக்டோபர், புதன்

நான்தான். நான்தான் அழிச்சிருக்கேன்.

மெயிலில் தீபாவளி ஆஃபர் குப்பைகளை நீக்கிக்கொண்டிருந்தேன். நடுவே படிக்காமல் ஒரு மெயில். அக்டோபர் 1, காலை 10:52. 'உங்கள் கணினியிலிருந்து ஏராளமான ஃபைல்கள் நீக்கப்பட்டன. மற்றவர்களுக்கும் இவை கிடைக்காது.' என் சிஸ்டத்தில் எடுத்தால் எல்லோருக்கும் போய்விடும். ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும் என்று 2016-இல் இரண்டு நாள் வாயைப் பிளந்து அதிசயப்பட்டவள்தானே நான்? அழித்தாலும் அப்படித்தான் என்று ஏன் தோன்றவில்லை? சிடி பீரோவில் இருக்கிற நினைப்பிலேயே கை வைத்திருக்கிறேன். என்ன புத்தி இது, ஐயோ ஆண்டவரே!

மெயிலின் கடைசியில் இன்னொன்று. நீக்கியவை முப்பது நாள்வரை ஃபோல்டரின் சொந்தக்காரருடைய குப்பைத்தொட்டியில் இருக்கும், அவர் மட்டும் மீட்கலாம். நாளை மறுநாளோடு முடிகிறது.

சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "அக்கா, நான் அவுகள போலீசுன்னு சொல்லிட்டேனே" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் கூப்பிட்டார், நான் கூப்பிட்டேன், அவள் எடுக்கவில்லை.

30 அக்டோபர், வியாழன்

ஆமத்தூர் போய்விட்டேன். அதே ஸ்கூட்டிதான், பின் சீட் மட்டும் காலி. சாப்பாட்டு நேரம். புது பிரஸ்ஸின் மாடிப்படியில் டிபனைத் திறந்து தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மூடினாள்.

வழியெல்லாம் என்னென்னவோ யோசித்துக்கொண்டு போனேன். வாயில் வந்தது இதுதான்: "நான்தான்டி அழிச்சேன். சிஸ்டம் கழுவுறேன்னு அழிச்சிட்டேன். பழிய உம்மேல போட்டேன்."

"வருசா வருசம் நான்தான கழுவுவேன். நான் இல்லாம நீ ஏன் கைய வச்ச?"

"தெரியாமத்தான்."

"அது தெரியாம. முந்தாநாள் போன்ல பேசாம இருந்தியே, அதுவும் தெரியாமத்தானா?"

அழுதேன். படியில் ஏறி இறங்கியவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன். அவள் அழவில்லை.

"ஃபைல் கெடக்கட்டும். நான்தான் அழிச்சேன்னு நீ நம்பிட்டேல்ல, அதான் எனக்குத் தாங்கல" என்றாள். நாளையோடு தேதி முடிகிறது என்றேன். "எனக்கும் தேதி படிக்கத் தெரியும். இப்ப லோடு இருக்கு, போ" என்று எழுந்துவிட்டாள். நாலு படி ஏறிய பிறகு, திரும்பாமலே, "சாப்பிட்டியா?" என்றாள். இல்லை என்றேன். "போற வழியில சாப்பிடு."

31 அக்டோபர், வெள்ளி

மதியம் வரை ஒன்றும் இல்லை. சார் இரண்டு தடவை வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். நான் சாப்பிடவே இல்லை. 3:40-க்குத் திரையில் சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஒரு ஃபோல்டர். இன்னொன்று. மயில், கிளி, நெசமாவே ஃபைனல், ஜாஸ்பின் கத்தினதுக்கு அப்புறம்... பதினெட்டாயிரம் ஃபைல்கள் வரிசையாக வந்தன. நான் சத்தமாகவே சிரித்தேன். ரூமில் இருந்தவர்கள் பயந்திருப்பார்கள்.

ஐந்து மணிக்கு மெயில். இனி 'பொது'வின் சொந்தக்காரி நான், சம்மதமா என்று கேட்டது. எல்லாவற்றையும் என் பெயருக்கு மாற்றிவிட்டுத் தன் பெயரை எடுத்துவிட்டாள். ஒன்றைத் தவிர. 'சும்மா' என்று உள்ளே ஒரு ஃபோல்டர் உண்டு. ஒன்பது வருஷ மதியச் சாப்பாட்டுப் படங்கள். யார் டிபனில் என்ன என்று தினமும் எடுத்துப் போடுவாள். என் கிறிஸ்துமஸ் பிரியாணி, அவள் இருக்கன்குடி கோயிலுக்குப் போய்வந்த மறுநாள் கொண்டுவந்த பொங்கல், நான் கருக்கிய முட்டை. அதை அவளே வைத்துக்கொண்டாள். எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறாள்.

'பார்க்க மட்டும்.'

வலிக்கத்தான் செய்தது. வலிக்கட்டும், சரியாகத்தான் கொடுத்திருக்கிறாள்.

3 நவம்பர், திங்கள்

சார் நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, திரும்பி வரச் சொன்னாராம். வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அங்கே அவள்தான் இன்சார்ஜாம். நல்லா இருக்கட்டும்.

19 நவம்பர், புதன்

தினமும் சாப்பிடும்போது 'சும்மா'வைத் திறந்து பழைய படங்களைப் பார்க்கிறேன். இன்று 2017 வரைக்கும் வந்தேன். இரண்டு பேருக்கும் நரையே இல்லை.

4 டிசம்பர், வியாழன்

மதியம் திறந்தபோது பழைய படங்களுக்கு மேலே புதிதாக ஒன்று இருந்தது. எவர்சில்வர் டிபன், சோறு, எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய்க் குழம்பு, பின்னால் அந்த மாடிப்படி. ஃபைல் பெயர்: 'கத்தரிக்கா_ஜாஸ்பின் பாக்கட்டும்'.

என் அனுமதியைப் பார்த்தேன். இன்னும் பார்க்க மட்டும்தான். ஒன்றும் சேர்க்க முடியாது, பதிலும் எழுத முடியாது. பெரிதாக்கி, அவள் எப்போதும் சேர்த்துப் போடுகிற முருங்கைக்காய் குழம்பில் கிடக்கிறதா என்று பார்த்தேன். கிடந்தது.

நாளைக்கும் ஒரு மணிக்குத் திறக்க வேண்டும்.