அக்கா தேர்ந்தெடுத்துக் கொடுத்த மொழி

ஜனவரி 9

ஐரோப்பாவில் எந்த மொழி சோறு போடும்? ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு. நான் ஜெர்மன் என்றேன். எங்கள் ஸ்கேன் சென்டரில் என்னோடு எக்ஸ்ரே எடுக்கும் இரண்டு பேரும் அதைத்தான் படிக்கிறார்கள். அக்கா உதட்டைப் பிதுக்கினாள்.

"ஊரே ஜெர்மனுக்கு வரிசையில நிக்குது. பிரெஞ்சுல எழுதுறது ஒண்ணு, படிக்கிறது ஒண்ணு, உனக்குப் பொறுமை பத்தாது. ஸ்பானிஷ் படிச்சா பாட்டு கேக்கலாம். இத்தாலியன்தான் சரி. போட்டிக்கு ஆளே கிடையாது. ஒரு டயாலிசிஸ் நர்ஸ், ஒரு எக்ஸ்ரே டெக்னீஷியன், அதுவும் அக்கா தங்கச்சி. கொத்திக்கிட்டுப் போயிடுவாங்க."

பள்ளியில் என்ன பாடம் எடுப்பது, மூக்குக்கண்ணாடிக்கு எந்த ஃபிரேம், எல்லாம் எனக்கு அக்கா சொன்னதுதான். மொழியையும் அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். எனக்கு மாலை வகுப்பு. அவளுக்கு ஷிஃப்ட் மாறி மாறி வருவதால் ஆன்லைன்.

பிப்ரவரி 2

வீட்டில் பேசிப் பழக எனக்குக் கிடைத்த ஆள் அப்பாதான். பக்கவாதம் வந்த பிறகு வலது பக்கம் வராது, பேச்சும் நாலைந்து வார்த்தையோடு சரி. கட்டிலிலிருந்து தூக்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று சொல்வது வழக்கம். இன்று இத்தாலிய மொழியில் சொன்னேன் — ஊனோ, தூவே, த்ரே. 'த்ரே'வுக்குச் சரியாக எழுந்துவிட்டார். பாதி வாயால் சிரித்தார். இனி எங்கள் இருவருக்கும் இதுதான் கணக்கு.

பிப்ரவரி 27

அக்கா சுத்தத் தத்தி. ஒரு வணக்கம்கூடச் சொல்ல வராது. எதைக் கேட்டாலும் "தலை வலிக்குதுடி". "நீ ஃபெயிலானா நான் மட்டும் போயிடுவேன், பாத்துக்க" என்று சீண்டினேன். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

மார்ச் 30

முதல் நிலைத் தேர்வில் பாஸ். அக்கா எழுதவில்லையாம். டபுள் டியூட்டியாம்.

ஜூன் 14

எக்ஸ்ரே மெஷின் மக்கர் செய்ததால் மதியமே அனுப்பிவிட்டார்கள். ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே முக்காலி போட்டு அம்மா காவல் இருந்தாள். வாயில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாத. அக்காவுக்கு இன்டர்வியூ."

முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை எழுதியே ஆக வேண்டும். இந்தத் தத்தி எப்படிச் சமாளிக்கிறாள் என்று கதவில் காதை வைத்தேன். தடதடவென்று பேசிக்கொண்டிருந்தாள். நடுவே சிரிப்பு வேறு. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அது இத்தாலியன் இல்லை. டீ நேரத்தில் எங்கள் சென்டரில் அந்த இரண்டு பேரும் பேசிப் பழகுவார்களே, அது. ஜெர்மன்.

ரொட்டியை நீட்டினேன். அம்மா வாங்கிக்கொண்டாள், என் முகத்தைப் பார்க்காமல்.

ஜூன் 15

"ஒருத்தி போயே ஆகணும், ஒருத்தி இருந்தே ஆகணும்" என்கிறாள் அக்கா. "அப்பா உன் கைக்குத்தான் எந்திரிக்கிறாரு. உன்கிட்ட சொன்னா அழுது ஊரைக் கூட்டுவே."

அம்மா சொன்னது ஒன்றுதான். "உனக்குன்னு ஒரு படிப்பு இருந்தா மனசு ஆறும்னு நெனச்சோம்."

நம்ப வச்சுக் கழுத்தறுக்கிறதுன்னா இதுதான். கூடப் பொறந்தவ. பெத்தவ. எதுக்கும் உதவாத பாஷை எதுன்னு ரெண்டு பேரும் உக்காந்து யோசிச்சு என் தலையில கட்டியிருக்காங்க. எப்போ யோசிச்சாங்க? நான் அப்பாவைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தப்பவா?

கேட்டிருந்தால் இருந்திருப்பேன். அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் "நீ போ அக்கா" என்று நானே பெட்டி கட்டிக் கொடுத்திருப்பேன்.

அப்பாவுக்குத் தெரியுமா? கேட்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஜூன் 16

கோபத்தில் தமிழிலேயே ஒன்று, இரண்டு, மூன்று என்றேன். அப்பா எழவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் ஊனோ என்று ஆரம்பித்தேன்.

ஜூலை 3

வகுப்பை விடவில்லை. ஏன் என்று கேட்டால், வீம்பு.

ஆகஸ்ட் 21

அக்கா கிளம்பினாள். வாசலில் கட்டிப்பிடித்தாள். என் கை இரண்டிலும் அவள் பெட்டி இருந்தது, கீழே வைக்கவில்லை. "பேச மாட்டியாடி?" என்றாள். நல்லபடியாகப் போய்ச் சேர் என்று இத்தாலிய மொழியில் சொன்னேன். விழித்தாள். திட்டினேன் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

பிறகு குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாத்ரூமில் அழுதேன்.

அக்டோபர் 11

இரண்டாம் நிலையிலும் பாஸ். டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார்: "இத்தாலியில ஒரு சின்ன ஆஸ்பத்திரியில எக்ஸ்ரேவுக்கு ஆள் தேடுறாங்களாம். மொழி தெரிஞ்சவங்க கிடைக்கல. போட்டுப் பாருங்களேன்."

போட்டிக்கு ஆளே கிடையாது என்று அக்கா வாய்க்கு வந்தபடி அளந்தாள். அது பலித்துத் தொலைத்திருக்கிறது.

நவம்பர் 5

இன்டர்வியூ. அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். கதவைத் திறந்தே வைத்தேன். அம்மா கொஞ்ச நேரம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு போய்விட்டாள்.

நவம்பர் 18

வேலை கிடைத்துவிட்டது. சாப்பிடும்போது சொன்னேன். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அதற்குள் அக்காவுக்குச் செய்தி போயிருக்கிறது. "அப்பாவுக்குக் காலையிலயும் சாயங்காலமும் ஆள் வச்சுக்கலாம், செலவு நான் பாத்துக்கிறேன்" என்று அனுப்பியிருக்கிறாள். இந்த யோசனை ஜனவரியில் எங்கே போயிருந்தது?

நவம்பர் 20

காலையில் அப்பாவை எழுப்பப் போனேன். "தள்ளு, நான் தூக்குறேன்" என்று அம்மா வந்தாள். அக்குளில் கையைக் கொடுத்து ஒண்ணு, ரெண்டு, மூணு என்றாள். அப்பா அசையவில்லை. மறுபடி சொன்னாள். அப்பா என்னைப் பார்த்தார்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "நீ என்னடி சொல்லுவே?" என்று மட்டும் கேட்டாள்.

சொல்லிக் கொடுத்தேன். நாலைந்து தடவைக்குப் பிறகுதான் அவளுக்கு நாக்கு புரண்டது. 'த்ரே'வுக்கு அப்பா எழுந்தார். நான் தொடவில்லை.