கழிவறைச் சுவரில் உன் படம்

என் சிட்டுக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் எழுதத் தொடங்குவார்கள். உன்னிடம் அதை எந்த வாயால் கேட்பேன்? உன் அப்பா வேலைக்குப் போகிறார், வருகிறார். பேச்சுத்தான் குறைந்துவிட்டது.

கோடை முகாம் மறுபடி தொடங்கிவிட்டது. இந்த வருஷமும் பெருக்குகிறதும் கழிவறை கழுவுகிறதும் நான்தான். போன வருஷம் உன்னைக் கடைசி வரிசையில் உட்காரவைத்துக்கொண்டாரே ஓவிய டீச்சர், அவர் இந்த வருஷம் வரவில்லை. ஒரு வருஷம் படமெல்லாம் கூடத்துச் சுவரில் இருக்கும், அடுத்த முகாமின் முதல் நாள் அவரவர் கையில் கொடுப்போம் என்று சொல்லியிருந்தாரே. நீயும் அதை நம்பி, "கைல வாங்கும்போதுதாம்மா பாக்கணும்" என்று என் கண்ணைப் பொத்தினாய். நானும் பார்க்கவில்லை. முகாம் முடிந்து கூடத்தைப் பூட்டினார்கள். மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. அப்புறம் நீ இல்லை.

உனக்குப் பதில் நான் வாங்கிக்கொள்ளலாம் என்று முதல் நாள் நல்ல துணி உடுத்திக்கொண்டு போனேன். சுவர் மொட்டையாக இருந்தது.

புது மேலாளர் வந்திருக்கிறார். மரத்தைக் காப்பாற்றத் தாளை மிச்சம் பிடிக்கிறாராம். நல்ல காரியம்தான். காகிதக் கோப்பைகளை மூட்டை மூட்டையாக வாரிக் கொட்டியவள் எனக்குத் தெரியாதா? ஆனால் இந்த மனுஷன் புதுத்தாள் வாங்கக் கூடாதென்று உங்கள் படங்களைக் கழற்றி, பின்பக்கத்தில் அறிவிப்பு அச்சடித்து முகாம் முழுக்க ஒட்டிவிட்டார். பெரிய மனுஷர்களை அழைக்க மட்டும் வழவழவென்று புது அட்டை. சமையல்கார அக்கா, "ஊருக்குத்தான்டி உபதேசம், அந்த ஆள் மூக்கு சிந்தவே ஒரு மரம் வேணும்" என்கிறாள்.

உன்னுடையது எங்கே இருக்கிறது தெரியுமா? கழிவறையில், கை கழுவுகிற இடத்துக்கு மேலே. "தாளை வீணாக்காதீர்" என்று அச்சு. மூலையில் பென்சிலால் உன் பெயர், கடைசி எழுத்து சாய்ந்துகொண்டு. படம் சுவர்ப் பக்கம். நாலு ஓரமும் பசை. பிள்ளைகள் கையை உதறுகிற தண்ணீரெல்லாம் அதன் மேல்தான். மூத்திர வாடை வேறு. சீ!

போய்க் கேட்டேன். செத்துப்போன பிள்ளையின் படம் ஐயா என்றும் சொன்னேன். "முகாம் முடியட்டும்மா. படம் வீணாவா போச்சு? ரெண்டு தடவை பயன்பட்டிருக்கே" என்று சிரித்தார். இத்தனை வருஷம் அடுத்தவர் அசிங்கத்தைக் கழுவியிருக்கிறேன், குமட்டியதில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்துக் குமட்டியது கண்ணு.

அவர் என்ன சொல்கிறது என்று ஈரத்துணியை வைத்து ஒரு ஓரத்தை எடுத்துப் பார்த்தேன். தாள் தோலாக உரிந்தது. துணியில் கொஞ்சம் நீலம் வந்தது. பயந்து விட்டுவிட்டேன். அந்தத் துணியை அலச மனசு வரவில்லை. பிய்த்தால் கிழியும், விட்டால் ஊறிப்போகும். நாளைக்கும் அதன் எதிரேதான் நின்று கழுவ வேண்டும்.

நீ எங்கே இருந்தாலும் நனையாமல், காய்ச்சலில்லாமல் நன்றாக இரு. அம்மாமேல் கோபப்படாதே.

இப்படிக்கு
உன் அம்மா

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. ஈரம் பட்டால் தாளின் நடுவில் ஒரு சிவப்பு தெரிகிறது. போன வருஷம் முகாமில் எனக்குக் கொடுத்த மேல்சட்டையும் சிவப்புதான். அது நானாடி?