அடிப்பிடித்த பியர்

மார்ச் 9, ஞாயிறு

பின்னேரம் பேஸ்மென்ற் அடுப்பில் பியர் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கொதிக்கும் தண்ணீரில் பாகுபோன்ற பார்லிப் பாணியை ஊற்றியதும் கலக்கியிருக்க வேண்டும். நானோ பியருக்கு மணம் தரும் ஹொப்ஸ் பூப் பையை வெட்டி முகர்ந்துகொண்டு நின்றேன். மேலே இருந்து வாசுகி கத்தினாள்.

“என்னப்பா, அங்க என்ன அடிப்பிடிக்குது?”

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கோவிட் வந்துபோன பிறகு, நாலு வருடமாக என் மனைவிக்கு ஒரு மணமும் தெரியாது. ஸ்காபரோவில் இரண்டு வைத்தியர்களிடம் போயும் பலனில்லை. கறி கருகினாலும் நான்தான் சொல்வேன்.

அவள் படியிறங்கி வந்தாள். தான் கேட்டது என்னவென்று அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருந்தது. ஹொப்ஸ் பையை நீட்டினேன். மூக்கை உள்ளே விட்டாள்.

“தோடம்பழத் தோலோ?”

“ஓமப்பா. அந்த ஒரேஞ்ச் மணம்தான்.”

நான் அடுப்பை அணைக்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டாள்.

“நிப்பாட்டாதேங்கோ. இன்னும் கொஞ்சம் கருகட்டும்.”

புகை அலாரம் அலறும்வரை இருவரும் பானைக்கு மேல் குனிந்து நின்றோம். பியர் முழுவதும் வீண். பிறகு குசினியில் வாசனைச் சரக்குப் போத்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்த்தாள். கராம்பு தெரிந்தது. கறுவா தெரியவில்லை. காலையில் இதுவும் போய்விடுமோ என்னவோ.

மகளைத் தூங்கவைக்கப் போனவள் இன்னும் வரவில்லை. பிள்ளைக்கு மூன்று வயது. பிள்ளையின் மணம் எப்படியென்று வாசுகிக்கு இதுவரை தெரியாது. எட்டிப் பார்த்தேன். பிள்ளையின் தலைமுடிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அசையாமல் படுத்திருக்கிறாள்.

மணம் தெரியுதா என்று கேட்கத் துணிவில்லாமல் வந்துவிட்டேன்.